காய்கனிகளும் சர்க்கார் முத்திரையும்

‘அக்மார்க்’ என்னும் முத்திரையை நமது நேயர்கள் நெய் டப்பாவின் மீதும், தேன் போத்தலின் மீதும், மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தின் மீதும் கண்டிருப்பார்கள். கத்தரிக்காய்க் கூடையின் மீது அதைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? காய்கனிகளுக்கும் சர்க்கார் தரவரிசை வகுத்திருக்கிறது, விதிகள் அச்சாகியிருக்கின்றன, அவற்றை நடத்திவைக்க உத்தியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். ஆயினும் நமது ஊர்ச் சந்தைக்கு அவ்விதிகள் இன்னும் வந்து சேரவில்லை. இது ஏன் என்பதையும், இதனால் நஷ்டமடைகிறவர் யார் என்பதையும் ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

1928-ல் அறிக்கை சமர்ப்பித்த விவசாய ராயல் கமிஷன், விளைபொருளை விற்பதில் குடியானவன் படும் நஷ்டங்களை விவரித்து, ஒழுங்குபட்ட சந்தைகள் வேண்டுமென்று சிபார்சு செய்தது. 1935-ல் மத்திய சர்க்காரில் விவசாய விற்பனைக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. 1937-ல் விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் பிறந்தது. அந்நியர் ஆட்சியில் ஏற்பட்டது என்பதற்காக ஒரு நல்ல சட்டத்தைக் குறைகூற நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின்படி தரம் பிரிப்பது அவரவர் இஷ்டத்தைப் பொறுத்தது. சுயராஜ்யம் வந்த பிறகும், சில பண்டங்கள் நீங்கலாக, அந்த நிலைமை மாறவில்லை. 2004-ல் காய்கனிகளுக்கென்று விரிவான விதிகள் செய்யப்பட்டபோதும் அவ்வண்ணமே விடப்பட்டது.

அவ்விதிகள் சொல்வதுதான் என்ன? விசேஷ வகுப்பு, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என மூன்று பிரிவுகள். எந்த வகுப்பாயினும் பண்டம் முழுமையாகவும், அழுகலின்றியும், சுத்தமாகவும், பூச்சியரிப்பும் அந்நிய வாசனையும் இல்லாமலும் இருக்கவேண்டும். அதற்கு மேல் உருவம், நிறம், மேல்தோலின் மாசு ஆகியவற்றைக் கொண்டு வகுப்பு தீர்மானிக்கப்படுகிறது. மனிதன் கையால் பொறுக்குவதில் பிழை நேரும் என்பதையும் விதி செய்தவர்கள் மறக்கவில்லை. விசேஷ வகுப்பில் நூற்றுக்கு 5 பங்கும், மற்ற இரண்டிலும் நூற்றுக்கு 10 பங்கும் தவறு பொறுக்கப்படும். பூச்சிமருந்தின் எச்சம் சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டலாகாது என்றும் கண்டிருக்கிறது. நமது வீட்டுப் பெண்மணிகள் முறத்தில் கொட்டிப் பொறுக்குகிற அதே விவேகந்தான் இதில் சட்ட பாஷையில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் இந்த விவேகம் கப்பலேறும் பண்டத்துக்கு மட்டும் கண்டிப்பாகப் பிரயோகிக்கப்படுகிறது. 2003-ல் நம் நாட்டுத் திராட்சையில் பூச்சிமருந்தின் எச்சத்தைக் கண்டு ஐரோப்பாவில் ஆட்சேபம் கிளம்பியது. உடனே இங்கே என்ன சுறுசுறுப்பு! தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாயின. மாதிரிகள் பரிசோதனைச் சாலைக்குப் போயின. அக்மார்க் சான்று இன்றி ஐரோப்பாவுக்கு ஒரு பெட்டியும் போகாதபடி ஏற்பாடாயிற்று. 2014-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி முதல் நமது மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இலை ஆகியவற்றை ஐரோப்பியர் தடுத்தார்கள். பழ ஈ முதலிய பூச்சிகள் காரணம். மறுபடியும் அதே பரபரப்பு. 2015-ல் மாம்பழத்தின் மீதான தடை நீங்கியது. நமது உத்தியோகஸ்தர்களால் முடியாத காரியம் அல்ல இது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ? லண்டனில் உண்பவன் கேட்டால் நடக்கிறது. திண்டுக்கல்லில் உண்பவனுக்கு நடப்பதில்லை. அங்கே வேண்டாமென்று ஒதுக்கப்படும் சரக்கு எங்கே போய்ச் சேரும் என்பதை ஊகிக்க அதிக சாமர்த்தியம் தேவையில்லை.

உண்பவன் சங்கதி இருக்கட்டும்; விளைவித்தவன் சங்கதிக்கு வருவோம். விடியற்காலையில் கமிஷன் மண்டி வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதன்று. குடியானவன் தக்காளியைப் பெரிதும் சிறிதுமாக, பழுத்ததும் செங்காயுமாகக் கலந்தே கொண்டுவருகிறான். தரகர் மேல் வரிசையைப் புரட்டிப் பார்த்து, அடிவரிசையில் உள்ள பொடியைக் காட்டி, மொத்தத்துக்கும் ஒரே விலை சொல்கிறார். குடியானவன் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறியதும் அதே சரக்கு மூன்று குவியலாகப் பிரிகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கிலோவில் இருபது கிலோ முதல்தரம், அறுபது நடுத்தரம், இருபது கடைத்தரம் என்றும், அவற்றின் விலை முறையே கிலோ 30, 20, 10 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 2,000 ரூபாய் ஆகிறது. மொத்தக் குவியலுக்குக் கிலோ 15 ரூபாய் என்று கொடுக்கப்பட்டதோ 1,500 ரூபாய். அழுகல், ஏற்றுகூலி, வாடகை எல்லாம் வியாபாரியின் தலையில் விழுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. அவருக்கும் பிழைப்பு வேண்டும். எனினும் மிச்சமுள்ள ஐந்நூறில் பொறுக்கிப் பிரித்ததன் கூலி ஒரு பகுதியாவது உண்டு. தரத்தை உண்டாக்கியவன் ஒருவன். தரத்தின் விலையைப் பெறுகிறவன் வேறொருவன். நல்ல காயை விளைவித்தவனுக்கும் சொத்தைக் காயை விளைவித்தவனுக்கும் மண்டியில் ஒரே விலை கிடைக்குமானால், அடுத்த போகத்தில் அக்கறை எடுத்துக்கொள்ள எவன் முன்வருவான்?

‘குடியானவனே வயலில் பிரித்துக்கொண்டு வரலாமே’ என்று சில நண்பர்கள் சொல்லுகிறார்கள். பட்டணத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து சொல்வதற்கு இது சுலபம். ஒரு காணி நிலத்துக்காரன் நாலு பெட்டி தக்காளியை மூன்றாகப் பிரித்தால், எந்தப் பெட்டியும் நிறையாது. பிரித்துக்கொண்டு போனாலும் அவனுடைய ‘முதல்தரம்’ மண்டியில் முதல்தரமாக ஒப்புக்கொள்ளப்படும் என்பதற்கு யார் ஜாமீன்? முத்திரையும் அதற்கு ஒரு சாட்சியும் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

தரம் என்றால் அழகு மட்டும் என்று நினைப்பதும் ஆபத்து. ஐரோப்பிய சமூகத்தார் ஒருகாலத்தில் வெள்ளரிக்காய் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் முதல் வகுப்பில் சேராது என்று சட்டம் செய்து, உலகம் சிரித்த பிறகு, 2009 ஜூலை முதல் தேதியிலிருந்து வெள்ளரி உள்பட 26 காய்கனிகளுக்குரிய தனி விதிகளை ரத்துசெய்தார்கள். வளைந்த கத்தரிக்காயும் குழம்பில் நன்றாகவே வேகும். மறுபுறம், கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் பார்வைக்குப் பொன்னிறமாக இருக்கிறது. அந்தக் கல்லோ சட்டத்தால் தடுக்கப்பட்டது. எத்திலீன் வாயுவை அளவோடு உபயோகிக்க 2016 முதல் அனுமதியும் இருக்கிறது. அப்படியிருந்தும் பருவந்தோறும் கல் வைத்த பழம் பிடிபடுகிறதென்றால், கண்ணால் காணும் தரத்தை மட்டும் நம்புவது எவ்வளவு பேதைமை! நமது தரவரிசையில் தோலின் மாசுக்குக் கொடுக்கப்படும் இடம் குறையவேண்டும். மருந்து எச்சத்துக்குக் கொடுக்கப்படும் இடம் காகிதத்திலிருந்து மண்டிக்கு இறங்கவேண்டும்.

ஆகவே நாம் கோருவது பெரிய காரியமன்று. குடியானவனைக் கட்டாயப்படுத்தி அபராதம் போடும் புதிய சட்டம் வேண்டாம். அது இன்ஸ்பெக்டர்களுக்கே பயன்படும். ஏலத்துக்கு முன்பு, கொண்டுவந்தவன் கண்ணெதிரில், சர்க்கார் செலவில் சரக்கைப் பிரித்து எடைபோடும் மேடையொன்று பெரிய காய்கறிச் சந்தைகள் ஒவ்வொன்றிலும் வேண்டும். பலருடைய முதல்தரத்தை ஒன்றுசேர்த்து ஒரே ஏலத்தில் விற்று, அவரவர் எடைக்கேற்பப் பணம் பட்டுவாடா செய்தால், நாலு பெட்டிக்காரனும் நஷ்டமின்றித் தப்புவான். 2016 ஏப்ரலில் தொடங்கிய தேசிய மின்னணுச் சந்தைத் திட்டத்திலேயே சரக்கைப் பரிசோதித்துத் தரம் குறிக்கும் ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் காய்கறிக்கும் மெய்யாக்கச் சொல்கிறோம். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் தினந்தோறும் விலைப்பலகை எழுதுகிறார்கள். அதில் தரத்துக்கேற்ற விலைகளைத் தனித்தனியே எழுத ஒரு சுண்ணாம்புக்கட்டி போதும்.

கிராமங்களில் உழைக்கும் நமது தொண்டர்கள் இவ்விஷயத்தைக் கிராம சபைகளில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மாம்பழப் பருவம் சித்திரையில் சூடுபிடிக்கிறது. கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் ஒரு பருவத்துக்கேனும் இந்த மேடையை அமைத்துச் சோதித்துப் பார்ப்பதில் சர்க்காருக்கு என்ன தடை இருக்கிறது என்பதை விவசாய மந்திரியிடமிருந்தே அறிய விரும்புகிறோம்.