கஸ்தூரிபா கேட்ட கணக்கு

நாளிதழ்களின் உட்பக்கங்களில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். குங்குமமும் மூக்குத்தியும் துலங்கும் ஓர் அம்மையாரின் புகைப்படம், தோற்றம் மறைவு என்று இரண்டு தேதிகள், அன்பு மனைவியாகவும் அருமைத் தாயாகவும் பாசமிகு பாட்டியாகவும் வாழ்ந்தார் என்று ஒரு வரி, அதன் கீழே நீங்கா நினைவில் வாடும் கணவர், மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள். துக்கத்தில் இருப்போர் எழுதியதைக் குறைகூறுவது தர்மம் அன்று. அந்த வரியில் பொய்யும் இல்லை. ஆயினும், ஆயுள் முழுவதும் ஒரு குடும்பத்தைத் தாங்கி நின்றவர் எதற்காகக் கோபித்துக்கொண்டார், எதை விட்டுக்கொடுக்க மறுத்தார், எதைக் கேட்டுக் கிடைக்காமல் போயிற்று என்பவற்றில் ஒன்றுகூட அங்கே இடம்பெறாத காரணத்தால், படத்தை மட்டும் மாற்றிவிட்டால் அந்த விளம்பரம் எந்த அம்மையாருக்கும் பொருந்திவிடுகிறது. பதிபக்தி என்றால் வாய்மூடி இருத்தல் என்று நாம் நெடுங்காலமாகப் பொருள்கொண்டு வந்ததன் பலன் இது என்றே நான் கருதுகிறேன்.

தேசம் முழுவதும் அறிந்த மனைவி ஒருவருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1869-இல் போர்பந்தரில் ஒரு வர்த்தகர் வீட்டில் பிறந்து, 1883-இல் விவாகமாகி, நான்கு புதல்வர்களை வளர்த்து, 1944 பிப்ரவரி 22 அன்று, மகா சிவராத்திரி மாலையில், புனே ஆகாகான் மாளிகைச் சிறையில் கணவரின் மடியில் உயிர்நீத்த கஸ்தூரிபாயைப் பற்றி மேடை ஏறும் பிரசங்கிகள் பெரும்பாலும் அந்தக் கடைசிக் காட்சியையே வர்ணிக்கிறார்கள். சுமங்கலியாகப் போன பாக்கியவதி என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கோ அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் 1901-ஆம் ஆண்டே முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த ஆண்டில் காந்தி குடும்பம் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படத் தயாரானபோது, அங்கிருந்த இந்தியர்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். அவற்றுள் ஐம்பது கினி பெறுமானமுள்ள கழுத்தணி ஒன்று கஸ்தூரிபாய்க்கென்றே கொடுக்கப்பட்டது. பொதுஜன சேவைக்கு விலை பெறலாகாது என்று இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்த கணவர், அனைத்தையும் சமூக நலனுக்காக ஒரு தர்மநிதியாக வைத்துவிடுவதென்று தீர்மானித்து, பிள்ளைகளை முதலில் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகே மனைவியிடம் வந்தார். அந்த அம்மையார் லேசில் இணங்கவில்லை. தமக்கு வேண்டாம், நாளை வரப்போகும் மருமக்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். இருந்த நகைகளையும் பறித்துக்கொண்டவர், பிள்ளைகளையும் இப்போதே சாதுக்களாக்கப் பார்க்கிறாரே என்று இடித்துக் காட்டினார். பரிசு யாருடைய சேவைக்காகக் கிடைத்தது என்று கணவர் கேட்டதற்கு அவர் அளித்த மறுமொழிதான் முக்கியம்: கணவர் செய்த சேவையில் தமக்கும் பங்குண்டு, இரவு பகலாகத் தாம் உழைத்ததும் கண்டவர்களையெல்லாம் வீட்டில் ஏற்றிவைத்துத் தாம் அடிமைபோலப் பாடுபட்டதும் சேவை ஆகாதா என்றார்.

இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பென்ன என்று இன்று கருத்தரங்குகளில் கேட்கப்படும் கேள்வியை, பள்ளிப் படிப்பே இல்லாத ஒரு பெண்மணி தம் வீட்டுக்குள் நின்று அன்றே கேட்டிருக்கிறார். வார்த்தைகள் தைத்தன என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். எப்படியோ வற்புறுத்திச் சம்மதம் வாங்கியதையும் மறைக்கவில்லை. கழுத்தணி தர்மநிதிக்குப் போயிற்று. தர்மம் எந்தப் பக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அம்மையாரின் கேள்விக்கு அன்று பதில் சொல்லப்படவில்லை என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

இப்படி வாதாடியவர்தான் 1913-இல் தாமாகவே சிறைபுகுந்தார். கிறித்தவ முறைப்படி நடைபெறாத விவாகங்கள் செல்லா என்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அந்த ஆண்டு தீர்ப்பளிக்க, ஒரு கையெழுத்தில் இந்திய மனைவியரில் பெரும்பாலோர் சட்டத்தின் முன் மனைவியர் அல்லர் என்றாயிற்று. இதை எதிர்த்த போராட்டத்தில் சேருவது பற்றிக் காந்தி பீனிக்ஸ் ஆசிரமத்தில் மற்றப் பெண்களிடம் பேசினாரே ஒழிய, தம் சொல்லுக்காக மட்டும் மனைவி சிறை செல்லலாகாது என்று எண்ணி, அவரிடம் வாய் திறக்கவில்லை. பேச்சு காதில் விழவே, தம்மிடம் என்ன குறை கண்டு ஒதுக்கினீர்கள் என்று கஸ்தூரிபாய் நேரில் வந்து கேட்டார். மூன்று மாதக் கடுங்காவலில் உடல் எலும்பும் தோலுமாகி வெளிவந்தார். அதே போராட்டத்தில் சிறைசென்று நோயோடு திரும்பிய நம் தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22 அன்று தமது பதினாறாம் வயதில் மறைந்தார். சரியாக முப்பது ஆண்டு கழித்து அதே தேதியில் கஸ்தூரிபாயும் மறைந்தார். இருவரையும் ஒரே நாளில் நினைக்கலாமே என்று நம்மில் யாருக்கும் இதுவரை தோன்றாதது விந்தைதான்.

தாய் என்ற ஸ்தானத்தில் அவர் பட்டதை விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. மூத்த மகன் ஹரிலால் தந்தையோடு முரண்பட்டு, குடியில் விழுந்து, ஊர் ஊராக அலைந்தார். 1918-இல் ஹரிலாலின் மனைவி இறந்தபின், தாயற்ற அந்தப் பேரக்குழந்தைகளைச் சபர்மதியில் வளர்த்தவர் பாட்டிதான். ஒருமுறை கட்னி ரயில் நிலையத்தில், கந்தலாடையோடு ஜனத்திரளை விலக்கிக்கொண்டு வந்த ஹரிலால், அன்னை கஸ்தூரிபாய்க்கு மட்டும் ஜே போட்டு, ஓர் ஆரஞ்சுப் பழத்தை அவர் கையில் வைத்தார். தமக்கில்லையா என்று தந்தை கேட்டபோது, இது தாய்க்கு மட்டும், உங்கள் பெருமையெல்லாம் அவரால் வந்தது என்றார் மகன். வண்டி நகர்ந்தபின்தான், பிள்ளைக்கு உண்ண ஒன்றும் கொடுக்கவில்லையே என்று அந்தத் தாய்க்கு உறைத்தது. கூடையிலிருந்த பழங்களை எடுத்து நீட்டுவதற்குள் ரயில் நடைமேடையைக் கடந்துவிட்டது.

கழுத்தணி எந்த மருமக்களுக்காகக் கேட்கப்பட்டதோ, அவர்களில் ஒருவராகத் தமிழகத்திலிருந்து ராஜாஜியின் புதல்வி லட்சுமி 1933-இல் வந்து சேர்ந்தார். அந்த வழியில் நாமும் சம்பந்திகளே. சம்பந்திகளுக்குரிய சலுகையோடு ஒன்று சொல்கிறேன். ஆசிரம விதிக்கு மாறாக நான்கு ரூபாயைத் தம்மிடம் வைத்திருந்தார் என்று 1929-இல் மனைவியின் பிழையைக் காந்தி தம் பத்திரிகையில் ஊரறிய எழுதினாரே, அது சத்தியத்துக்குத் தேவையாக இருந்திருக்கலாம். தாம்பத்தியத்துக்குத் தேவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. கஸ்தூரிபாய் இறந்தபின் அவர் பெயரில் எழுபத்தைந்து லட்ச ரூபாய் திரட்டுவதென்று புறப்பட்டவர்களிடம் ஜனங்கள் கொடுத்தது ஒரு கோடிக்கும் அதிகம். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேவை செய்யும் கஸ்தூரிபா அறக்கட்டளை அந்தப் பணத்தில் உருவாயிற்று.

கஸ்தூரிபாய் நூல் எழுதியவர் அல்லர். ஆகாகான் மாளிகையில் முதிய வயதில், கணவரிடம் பூகோளப் பாடம் கேட்டவர், ஓய்வில் கேரம் ஆடியவர். அவருடைய வாதங்கள் நமக்குக் கிடைத்திருப்பது, வாதத்தில் எதிர்க்கட்சியாக நின்ற கணவரே அவற்றைக் குறித்துவைத்ததால். தம்மைச் சுட்ட சொல்லையும் எழுதிவைத்த கணவர்கள் அபூர்வம். அந்த ஒரு காரியத்துக்காகக் காந்தியடிகளை நான் கூடுதலாக மதிக்கிறேன். நம் வீடுகளில் அந்த வேலையை யாரும் செய்வதில்லை. பாட்டி காலமான பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர்கள், பந்தி முடிந்து திண்ணையில் சாய்ந்திருக்கும்போது, எந்த நிலத்தை விற்கக்கூடாது என்று அவர் தாத்தாவோடு எத்தனை நாள் பேசாதிருந்தார், எந்தப் பெண்ணைப் படிக்க வைக்க எந்த வளையலை அடகுவைத்தார் என்றெல்லாம் தாமாகவே பேசத்தான் செய்கிறார்கள். பேரப்பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும். முதலாண்டு நினைவஞ்சலிக்குப் பத்திரிகையில் இடம் வாங்கும்போது, வழக்கமான வரிக்குப் பதிலாக அதிலிருந்து ஏதேனும் ஒரு சண்டையை அச்சேற்றட்டும்.