கடற்காற்றும் கைப்பட்டறையும்

திருவான்மியூரில் கடலோரமாகக் குடியிருப்பவர்களுக்குக் காற்று ஒரு பெரிய பாக்கியம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே காற்று வாசல் கேட்டின் கீலைத் தின்கிறது. ஜன்னல் கம்பியைத் தின்கிறது. மொட்டை மாடிக் குழாயின் திருகாணியையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே, மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்து, சில்லறை ரிப்பேர்களைத் தாமே செய்துகொள்ள ஒரு சிறு பட்டறை அமைக்கவேண்டும் என்ற ஆசை வால்மீகி நகர்ப் பக்கத்தில் ஒருவருக்கு உண்டானால் அது நியாயமே. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த ஆசை சற்று அதிகமாக வருவது இயல்பு. அவர்களை முன்னிட்டே இவ்வாரம் எழுதுகிறோம்.

சிரமம் என்னவென்றால், துருவைச் சீர்திருத்த வாங்கும் கருவிகளையே துரு முதலில் பிடித்துக்கொள்ளும். வைத்தியரே பாயில் படுத்துவிட்டால் நோயாளியின் கதி என்ன? மனிதர் பிணிக்கு மருந்தீசுவரர் இருக்கிறார்; இரும்பின் பிணிக்கு நாமேதான் மருந்து தேடவேண்டும்.

பிணியின் மூலத்தை அறிந்துகொண்டால் மருந்து எளிது. காய்ந்த உப்பு இரும்பை அதிகமாக வருத்துவதில்லை. காற்றின் ஈரம் நூற்றுக்குச் சுமார் 75-ஐத் தாண்டும்போது சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடுகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீஷியம் குளோரைடுக்கோ நூற்றுக்கு 33 இருந்தாலே போதும். சென்னையில் இந்த அளவு ஈரமில்லாத நாள் அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு நீர்ப் படலத்தின் கீழே இரும்பு ஓயாமல் அரிக்கப்படுகிறது. அழகப்பச் செட்டியாரின் நன்கொடையைக் கொண்டு, 1948-ல் நேரு அஸ்திவாரமிட, காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காற்றுக்குக் காட்டி வைத்து இதையே ஆராய்ந்து வந்திருக்கிறது. டில்லியிலுள்ள இரும்புத் தூண் ஆயிரத்தறுநூறு வருஷமாக நிற்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். டில்லியில் கடலும் இல்லை. நம் கடையில் வாங்கும் சுத்தியலுக்கு அந்த யோகம் கிடையாது.

எனவே, கருவி வாங்குமுன் அலமாரி வாங்குங்கள் என்பது நமது அபிப்பிராயம். கதவு இறுக்கமாகச் சாத்துகிற மர அலமாரி உத்தமம். அதற்குள் முன்காலத்தில் ஒரு சிறிய மின்சார பல்பை எரியவிட்டு வைப்பார்கள். அந்தச் சூடு உள்ளே ஈரம் தங்கவிடாது. இக்காலத்து எல். இ. டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர, அந்த அளவுக்குச் சூடு தராது. ஆகவே பழைய மாதிரி பல்பைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும். பல்பின்மேல் துணியோ எண்ணெயோ படாமல் கம்பிக் கூடு ஒன்று போட்டுவிடுவது அவசியம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் போன்ற தாது எண்ணெயைத் தடவவேண்டும். கை வியர்வையிலும் உப்புத்தான் இருக்கிறது. சமையலறையிலிருந்து நல்லெண்ணெயை எடுத்துத் தடவாதீர்கள். காலக்கிரமத்தில் அது பிசினாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழிப்பறை கழுவும் ஆஸிட் பாட்டிலை இந்த அறையில் வைக்கவே கூடாது. மூடி இறுக்கமாக இருந்தாலும் அதிலிருந்து கசியும் ஆவி, கடற்காற்று ஒரு வருஷத்தில் செய்வதை ஒரு மாதத்தில் செய்துவிடும்.

இனி, வாங்கவேண்டியவை. முதலாவது, நான்கு அங்குல வாயுள்ள ஒரு நல்ல வைஸ். அதைத் தடித்த பலகை மேஜையில், மேஜைக் காலுக்கு நேர் மேலே, போல்ட் போட்டு முறுக்கவேண்டும். நின்றுகொண்டு முழங்கையை மடக்கினால் வைஸின் வாய் முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும். அதற்குத் தாழ்ந்தால் முதுகும், உயர்ந்தால் தோளும் வலிக்கும். புதுப்பேட்டையில் பழைய வைஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் திருகின் மரை தேய்ந்திருக்கிறதா, வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

அடுத்தது அரம். முரட்டு அரம் ஒன்று, நடுத்தரம் ஒன்று, வழவழப்புக்கு ஒன்று, உருண்டை ஒன்று. அரம் முன்னே தள்ளும்போதுதான் அறுக்கும். பின்னே இழுக்கும்போது அழுத்துவது பல்லை மழுக்குவதாகும். சாக்குக்கட்டியை அரத்தின்மேல் தேய்த்துவிட்டு வேலை செய்தால் தூள் பல்லிடையே அடையாது. ரம்பத் தகடு வாங்குகையில் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். கனமான இரும்புக்கு 18, பொதுவான வேலைக்கு 24, மெல்லிய குழாய்க்கும் தகட்டுக்கும் 32. எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தின்மேல் படிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பல் உடையும்.

அடைகல்லுக்குப் பதிலாக ஒரு முழத் தண்டவாளத் துண்டு அருமையாக உழைக்கும். அதை ரசீதோடு, முறைப்படி ஏலத்தில் எடுத்தவரிடம்தான் வாங்கவேண்டும். ரயில்வே சொத்தை நியாயமின்றி வைத்திருப்பதற்கென்றே 1966-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. கேட் கீலை நிமிர்த்தப் போய் போலீஸாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது ஓய்வுக் காலத்துக்கு ஏற்ற பொழுதுபோக்கு அல்ல.

துளை போடும் யந்திரத்தில் அவசரம் கூடாது. பத்து மில்லிமீட்டர் துளைக்கருவி மெல்லிரும்பில் நிமிஷத்துக்குச் சுமார் 900 சுற்றுச் சுற்றினால் போதும். அதற்கு மேல் ஓட்டினால் முனை கருகிவிடும். சுழலும் யந்திரத்தின் முன் மேல்துண்டும், வேஷ்டித் தலைப்பும், கையுறையும் ஆபத்து. சாணைச் சக்கரம் அதைவிடப் பொல்லாதது. ஆறு அங்குலச் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மாட்டுவதற்குமுன், சந்தையில் மண் சட்டியைத் தட்டிப் பார்ப்பதுபோல் அதை மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் மாட்டலாம், மொத்தென்றால் எறிந்துவிடலாம். கண்ணாடி அணியாமல் அதன் அருகே யாரும் நிற்கலாகாது, வேடிக்கை பார்க்கும் பேரக் குழந்தைகள் உட்பட. மோட்டாரும் பெட்ரோலும் இருக்கிற கொட்டகையில் பொறி பறக்கும் வேலை எதையும், வண்டியை வெளியே தள்ளிய பிறகே தொடங்கவேண்டும்.

கடைசல் யந்திரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். கோயம்புத்தூரிலும், ராஜ்கோட்டிலும், பட்டாலாவிலும் நல்ல லேத்துகள் செய்கிறார்கள். ஆயினும் முதல் வருஷத்தில் வேண்டாம் என்போம். வழவழப்பாகச் சாணையிட்ட அதன் மேடை, ஒரு மழைக்காலம் கவனிக்காவிட்டால் புள்ளி புள்ளியாகத் துருவேறிவிடும். பிறகு அதன் நுட்பம் திரும்பாது. வருஷத்துக்கு நாலு கடைசல் வேலைதான் என்றால் கிண்டியில் 1958-லிருந்து தொழிற்பேட்டை இருக்கிறது, கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

படித்த குடும்பங்களில் அரம் பிடிப்பது பிறர் வேலை என்ற எண்ணம் இன்னும் முழுவதும் போய்விடவில்லை. ஜி. டி. நாயுடு, 1893-ல் கோயம்புத்தூருக்கு அருகே கலங்கலில் பிறந்தவர்; பள்ளிப் படிப்பு சொற்பம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டியே யந்திர வித்தையைக் கற்றார். 1920-ல் ஒற்றைப் பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டாரே செய்துவிட்டார். நம் வீட்டுப் பையன் பழைய மின்விசிறியைக் கழற்றினால் அதட்டுகிறோம். ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கழற்றச் சொன்னால் போதாதா?

மின்சாரம் என்றதும் ஒன்று. ஈரத் தரையுள்ள கொட்டகையில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சைப் பொருத்தி, எர்த் கம்பியைச் சோதித்த பிறகே முதல் யந்திரத்தைச் செருகவேண்டும். பிளக்குகள் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.