‘ஆயிற்று’ என்றால் ஆயிற்றா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பெருமுக்கல் என்று ஒரு மலை இருக்கிறது. உச்சியில் சிவன் கோயில். பாறையில் ஆதி மனிதர்கள் கீறி வைத்த உருவங்கள். கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். சாலையோரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. நிழலுக்காக ஒதுங்கினேன்.

உள்ளே ஒரு பெரியவர் பட்டா மாற்ற மனு சொல்லச் சொல்ல, கடைப் பெண் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். “சேவ் ஆயிடுச்சு தாத்தா” என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் திறந்து பார்த்தால் மனுவில் பாதிதான் இருந்தது!

“ஆயிடுச்சுன்னு சொன்னியே, பாப்பா?”

“நான் எங்கே சொன்னேன் தாத்தா? கம்ப்யூட்டர்தான் சொல்லிச்சு.”

வாசகர்களே, அந்தப் பெண் பேரில் குற்றமில்லை. கம்ப்யூட்டர் சொன்னதும் முழுப் பொய்யில்லை. அப்படியானால் மீதிப் பாதி எங்கே போயிற்று?

கம்ப்யூட்டருக்கு நினைவகம் ஒன்று, டிஸ்க் ஒன்று. நினைவகம் வெகு வேகமானது. ஆனால் கரண்ட் போனால் அதில் இருப்பது துடைத்தாற்போல் போய்விடும். டிஸ்க் மெதுவானது, எழுதினால் நிற்கும். இரண்டுக்கும் நடுவே கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பது கர்னல் என்கிற மூல நிரல். அது நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கத்துக்கு 4096 எழுத்திடம்.

நாம் ‘சேவ்’ என்றதும் எழுத்து முதலில் நினைவகப் பக்கத்தில்தான் ஏறுகிறது. கர்னல் அந்தப் பக்கத்துக்கு ‘அழுக்கு’ என்று அடையாளம் போட்டு வைக்கிறது. டிஸ்க்குக்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். ஒவ்வோர் எழுத்துக்கும் டிஸ்க்குக்கு ஓடினால் வேலை நடக்குமா? சேர்த்து வைத்துக் கொண்டுபோய்ப் போடும். லினக்ஸ் கர்னலின் வழக்கப்படி ஓர் அழுக்குப் பக்கம் சுமார் 30 விநாடி வரை காத்திருக்கலாம். பெரியவரின் மனு மாட்டிக்கொண்டது இந்த மாதிரி இடைவெளியில்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பக்கம் டிஸ்க்கிலிருந்து வந்து நிரம்பிக்கொண்டிருக்கும்போதே வேறொரு நிரல் அதைப் படித்தால் பாதி புதியதும் பாதி பழையதும் கலந்து வரும். ஆகவே கர்னல் அதற்கு ஒரு பூட்டுப் போடுகிறது. மற்றவர்கள் வரிசையில் தூங்கவேண்டியதுதான். பூட்டைத் திறந்ததும் எழுப்பிவிடும். இது நேற்று வந்த யோசனை அல்ல. 1962-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் இயங்கத் தொடங்கிய ‘அட்லஸ்’ கம்ப்யூட்டரிலேயே பக்கங்களும் உண்டு. பக்கம் போக்குவரத்தில் இருக்கையில் யாரும் தொடாதபடி தடுக்கும் அடையாளமும் உண்டு.

அதற்கும் முன்னால் நம் சோழர்கள் இந்த ஜாக்கிரதையைச் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1013-ல், உத்தரவிட்டான். பிரிக்குமுன் கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்தில் பிரதி எடுக்கச் சொன்னான். அவை மறுபடி கல்லில் ஏறியது ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1026-ல். பதின்மூன்று வருஷம் அத்தனை தானமும் நிலமும் அந்தப் புத்தகத்தை நம்பி இருந்தன! கர்னல் பாஷையில் சொன்னால், பதின்மூன்று வருஷம் ‘அழுக்குப் பக்கம்’.

காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. “இப்போதே டிஸ்க்கில் எழுது, எழுதிய பிறகு பதில் சொல்” என்று நிரல்கள் கர்னலைக் கேட்கலாம். கணக்கு வழக்குகளைக் காக்கும் நிரல்கள் இதைத்தான் நம்புகின்றன. ஆனால் 2018-ல் ஒரு குட்டு வெளிப்பட்டது. டிஸ்க்கில் எழுத முடியாமல் போனால் லினக்ஸ் கர்னல் ஒரு தடவை ‘முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைச் சுத்தம் என்று குறித்துவிடுமாம். மறுபடி கேட்டால் ‘ஆயிற்று’ என்று பதில் வரும்! போஸ்ட்கிரெஸ் என்னும் பிரபல தரவுத்தள நிரலைச் செய்கிறவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். 2019 பிப்ரவரியில் முறையை மாற்றினார்கள். ஒரு தடவை ‘முடியவில்லை’ என்று வந்தால் இப்போது அந்த நிரல் மறுபடி கேட்பதில்லை. அப்படியே நின்றுவிட்டு, தன் குறிப்பேட்டிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொள்கிறது.

நீங்களும் நானும் செய்யக்கூடியது சிறிய காரியம். பென் டிரைவைச் செருகி, காப்பி முடிந்தது என்றதும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். ‘வெளியேற்று’ என்று கட்டளை கொடுத்து, ‘எடுக்கலாம்’ என்று அது சொன்ன பிறகு எடுங்கள். கம்ப்யூட்டரை ஸ்விட்சில் அணைக்காமல் முறைப்படி மூடுங்கள். ‘எழுதச் சொல்லியாயிற்று’ என்பது வேறு, ‘எழுதியாயிற்று’ என்பது வேறு.

அந்தப் பெண் முகம் சுளிக்காமல் மனுவை மறுபடி அடித்தாள். பெரியவர் இந்தத் தடவை ஏமாறத் தயாராயில்லை.

“சேவ் கீவ் எல்லாம் இருக்கட்டும், பாப்பா. முதல்லே பேப்பர்லே எடுத்துக் கொடுத்துடு.”

அச்சான தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் அவர் எழுந்திருந்தார்.