எத்தனையாவது இடம்?

என் நண்பர் ஒருவருக்கு உலக நாடுகளின் வளர்ச்சிப் பட்டியல் என்றால் பரீட்சை முடிவு மாதிரி. பத்திரிகையில் வந்துவிட்டால் போதும், விரலை வைத்துக்கொண்டு நம்பரைத் தேடுவார். "நாம் எத்தனையாவது?" என்பதுதான் அவர் கவலை. போன வாரம் நான் கேட்டேன்: "ஐயா, 2015-ல் அயர்லாந்து எவ்வளவு வளர்ந்தது, தெரியுமா?"

நூற்றுக்கு 26 என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே 2016 ஜூலையில் அறிவித்தது. ஒரே வருஷத்தில் தேசம் கால் பங்குக்கு மேல் பெருத்துவிட்டதாம்! வயல் கால் பங்கு அதிகமாக விளைந்ததா? டப்ளின் தொழிலாளியின் கூலி கால் பங்கு கூடிற்றா? அதெல்லாம் ஒன்றுமில்லை. பெரிய பெரிய அன்னியக் கம்பெனிகள், வரியை மிச்சம் பிடிப்பதற்காகத் தங்கள் காப்புரிமைகளை அயர்லாந்துக் கணக்கில் கொண்டுவந்து வைத்தன. விமானங்களை வாடகைக்கு விடுகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேரேட்டில் நடந்த குடிபெயர்ச்சி, பட்டியலில் வளர்ச்சியாக வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்கமோ என்னவோ, இந்த வீக்கத்தைக் கழித்துப் பார்க்க 2017-ல் அவர்களே தனியாக ஓர் அளவுகோல் செய்துகொண்டார்கள்.

நைஜீரியாவில் வேறு கூத்து. 2014 ஏப்ரலில் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றினார்கள். சினிமாவும் கைத்தொலைபேசியும் ஒழுங்காகக் கணக்கில் ஏறின. நாட்டின் உற்பத்தி 89 சதவிகிதம் உயர்ந்து, தென்னாப்பிரிக்காவை முந்திக்கொண்டது. அன்றைக்கு ஒரு குடிசையின் கூரைகூட மாறவில்லை. இதில் மோசடி இல்லை. பழைய கணக்குத்தான் தப்பு. அப்படியானால், அதுவரை அந்தப் பட்டியலைக் காட்டிப் பிரசங்கம் செய்தவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள்?

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொன்றில். 2014-ல் இங்கிலாந்து, போதைமருந்து வியாபாரத்தையும் விபசாரத்தையும் தேசக் கணக்கில் சேர்த்தது. ஆனால் ஒரு தாய் தன் குழந்தைக்குச் சமைத்துப் போடுவது எந்த நாட்டின் உற்பத்தியிலும் சேராது. சமையற்காரிக்குக் கொடுக்கும் சம்பளம் சேரும்; அவளையே எஜமான் கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும்! இது என் கற்பனையல்ல. பிகூ என்ற பொருளாதாரப் பேராசிரியர் எடுத்துக்காட்டிய விநோதம். அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸும், இந்த எண்ணை வைத்து மக்களின் நலத்தை முடிவுகட்ட முடியாதென்று 1934-லேயே அந்த அறிக்கையில் எழுதி வைத்தார். எண்ணை எடுத்துக்கொண்டோம்; எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

"அப்படியானால் அளக்கவே கூடாது என்கிறீரா?" என்று கோபித்துக்கொண்டார் நண்பர்.

தாராளமாக அளக்கட்டும், ஐயா. எந்தக் கோலால் அளந்தார்கள், எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்பதையும் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, அதே பெரிய எழுத்தில் அச்சிடட்டும். அதுவரை நீங்கள் விரலை எடுங்கள்.