கொடுக்கில் விஷம்

தேளுக்குக் கொடுக்கில் விஷம் என்பார்கள். இங்கிலீஷில் சில வார்த்தைகளும் அந்த ரகம்தான். தலையைப் பார்த்தால் சாது, வாலில்தான் விவகாரம். சி.ஐ.டி. என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் ஓர் 'இ' போடுங்கள். வாயால் சொன்னால் 'சைடு'. கொலையைத் துப்பறிய வேண்டிய சி.ஐ.டி.யே இங்கே கொலைகாரர்!

லத்தீனில் 'கைடெரே' என்றால் வெட்டு, கொல். அதன் வாரிசுதான் இந்த வால். போன உயிர் யாருடையது என்பதைத் தலை சொல்லும். ஹோமிசைடு என்றால் மனிதனை. ரெஜிசைடு என்றால் ராஜாவை. சூயிசைடு என்றால் தன்னையே. ஜெனோசைடு என்றால் ஓர் இனத்தையே. இந்தக் கடைசி வார்த்தைக்கு வயது அதிகமில்லை. ராஃபேல் லெம்கின் என்ற போலந்து வக்கீல், கிரேக்கத் தலையையும் லத்தீன் வாலையும் ஒட்டி உண்டாக்கி, 1944-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அச்சேற்றினார்.

'டிசைடு'கூட இந்தக் குடும்பம்தான். மற்ற யோசனைகளை வெட்டி எறிந்தால்தானே முடிவு? நாம் 'வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு' என்கிறோமே, அதேதான். ஆனால் 'கோயின்சைடு' வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அதன் மூலம் 'விழு' என்று பொருள்படும் வேறு லத்தீன் சொல். போட்டிப் பரீட்சை எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

இதெல்லாம் ஆபீஸில் அரட்டைக்கு உதவும். ஆனால் எனக்கு இந்த வால் ஞாபகம் வந்தது, மல்லிகைக்குப் பேர்போன நிலக்கோட்டையில். அங்கே ஓர் உரக்கடையில் காதில் விழுந்தது இது:

"அண்ணே, மொட்டுல புழு விழுந்திருச்சு. நல்ல மருந்தாக் குடுங்க."

"இதை அடிங்க தம்பி. ரெண்டு நாள்ல கேட்கும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டாக்டர் கிளினிக் என்றுதான் நினைப்பீர்கள். டப்பாவின் மேல் 'இன்செக்டிசைடு' என்று போட்டிருக்கிறது. கொலைகாரன் என்று வாலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறான். நாம்தான் மரியாதையாக 'மருந்து' ஆக்கிவிட்டோம். மருந்து என்று கூப்பிட்டுப் பழகினால் பயம் போய்விடும். பயம் போனால் கையுறை போகும், முகத்தில் கட்டுகிற துணி போகும். டப்பா வந்து வீட்டு அலமாரியில், இருமல் டானிக் பக்கத்தில் குடியேறும். கையெட்டும் தூரத்தில் அது இருந்த ஒரே காரணத்தால், ஒரு நிமிஷக் கோபத்தில் போன உயிர்கள் எத்தனை! அந்தத் துயரத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேரிலும் அதே வால்தான்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்காக, 1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி டப்பாவில் ஒரு சாய்சதுரம் போட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடும் விஷம். மேலே மண்டை ஓடும் இருக்கும். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் விஷம் குறைவு என்று அர்த்தம். இல்லை என்று அர்த்தமில்லை.

நிறம்கூட வேண்டாம், தமிழிலேயே அருமையான வார்த்தை இருக்கிறது: பூச்சிக்கொல்லி. வாலில் 'கொல்லி'! லத்தீனுக்கு நாம் சளைத்தவர்களா என்ன?

ஊரில் தோட்டம், தொரவு வைத்திருக்கிற அண்ணனோ மாமாவோ உங்களுக்கு இருப்பார். இந்த வாரம் போகும்போது, "மாமா, கொல்லியை எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். 'பூட்டி வெச்சிருக்கேன் மாப்ளே' என்று பதில் வந்தால், நிம்மதியாகச் சாப்பிட உட்காரலாம்.