விளையாட வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள்

அபுதாபி நகரை ஒட்டிய யாஸ் தீவில் நான்கு பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 2010-இல் ஃபெராரி வேர்ல்ட், 2013-இல் யாஸ் வாட்டர்வேர்ல்ட், 2018-இல் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், 2023-இல் சீவேர்ல்ட் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் அபுதாபி. வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர்ப்பக்கம் எங்களுடையது. பள்ளி லீவு விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வருவது இப்போது எங்கள் கழக்கூட்டத்தில் சாதாரணம். நான்கு பூங்காவையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு.

எங்கள் வீட்டிலும் போனோம். நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மகள் இங்குள்ள டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்க்கிறாள், அவளோடுதான் இருக்கிறேன். பேரனுக்குப் பத்து வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு மிகக் குறைவு. சுழலும் விசிறி, ஓடும் தண்ணீர், லிஃப்ட்டின் கதவு இவையெல்லாம் அவனுக்குக் கொண்டாட்டம். கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் திடீரென்று இரைந்தால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். அபுதாபி முசஃபாவில் இருக்கும் அண்ணன் மகன், "எல்லாரும் வாங்க சித்தப்பா, அவனையும் கூட்டிட்டு வாங்க" என்று வற்புறுத்தினான். அவனையும் என்று சொன்னானே, அதற்காகவே கிளம்பினேன்.

நான்கு பூங்காவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம் என்றான் அண்ணன் மகன். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் செய்ததுதான் சரி. நான்கு பூங்காவை ஒரு குறுகிய பயணத்தில் அடைப்பது பெரியவர்களின் கணக்கு. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், எந்தப் பிள்ளைக்குமே ஓரிடத்தில் நின்று ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. என் பேரனைப் போன்ற பிள்ளைக்கு அந்த அவசரம் வதை. ஃபெராரி வேர்ல்டில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ரோலர் கோஸ்டர் இருக்கிறது. அண்ணன் மகனின் பையன்கள் அதில் ஏறி இறங்கி ஆனந்தமாகத் திரும்பினார்கள். நாங்கள் அந்தப் பூங்காவை விட்டுவிட்டோம். வார்னர் பிரதர்ஸில் பாதி நாள், சீவேர்ல்டில் ஒரு நாள் முழுக்க. அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

சீவேர்ல்டுக்குப் போகும் முன்பே மகள் கைப்பேசியில் ஓர் அட்டவணையைக் காட்டினாள். ஒவ்வொரு சவாரிக்கும், காட்சிக்கும் தொடுகை, சுவை, ஒலி, மணம், ஒளி என்று ஐந்து புலனுக்கும் ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டிருந்தார்கள். எதில் சத்தம் அதிகம், எதில் விளக்கு பளிச்சிடும், எதில் தண்ணீர் மேலே தெறிக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒலிக்கு எட்டு போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடலாம். இந்த வேலையைச் செய்ய பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பூங்காவில் வேலை பார்க்கும் ஒருவர் காதும் கண்ணும் திறந்துவைத்து ஒரு வாரம் நடந்தால் போதும்.

இப்படிச் செய்யும் இடங்களுக்கு அமெரிக்காவிலுள்ள ஓர் அமைப்பு சான்றிதழ் தருகிறது. பார்வையாளர்களோடு பழகும் ஊழியர்களில் குறைந்தது 80 சதவீதம் பேர் ஆட்டிசம் பற்றிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது நிபந்தனை. காசு வாங்கிக்கொண்டு தரும் சான்றிதழ்தான், வியாபாரமும் அதில் இருக்கிறது. என்றாலும் அந்தப் பயிற்சியின் பலனை நான் என் கண்ணால் பார்த்தேன். பெங்குவின்கள் இருக்கும் குளிர்ப் பகுதியில் பேரன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி, வாயால் ஒரே சுரத்தில் ஓசை எழுப்பிக்கொண்டிருந்தான். மகிழ்ச்சியாக இருந்தால் அப்படித்தான் செய்வான். ஊழியர் ஒருவர் எங்களிடம் வந்தார். என் நெஞ்சு படபடத்தது. அந்தப் பெண் என் மகளிடம் கேட்டது இதுதான்: கூட்டம் குறைவான மூலை ஒன்று இருக்கிறது, அங்கே வருகிறீர்களா, அவன் இருக்கும்வரை இருக்கட்டும். அவன் நெடுநேரம் இருந்தான். பின்னர் ஒரு வேடிக்கை நிகழ்ச்சிக்கான அறிவிப்பு ஒலிபெருக்கியில் அலறியபோது அழத் தொடங்கினான். விளக்கு மங்கலான அமைதி அறை ஒன்றைக் காட்டினார்கள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். மறுபடியும் பெங்குவினிடம் போனோம்.

யாரும் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. யாரும் எங்களிடம் விளக்கம் கேட்கவில்லை.

இதற்குச் சில மாதம் முன்பு நம் பக்கத்திலேயே ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். டிக்கெட் எடுத்து உள்ளே போன பின், பேரன் இரண்டாவது சவாரி வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு சத்தமிட்டான். மேற்பார்வையாளர் வந்து, "மத்த பிள்ளைங்களுக்குத் தொந்தரவா இருக்கும் சார், நீங்க வெளிய காத்திருங்க" என்றார். டிக்கெட் காசைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறிய பிறகு, "அப்பா, இனி இங்கெல்லாம் வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத நிர்வாகத்தின்மேல்தான் கோபம், அதைக் கேட்காமல் விட்ட அரசுகளின்மேலும்.

நாங்கள் இருப்பது கழக்கூட்டம் என்பதால் இந்த வருத்தம் எனக்கு இரட்டிப்பு. இங்குள்ள கின்ஃப்ரா ஃபிலிம் அண்ட் வீடியோ பார்க்கில் மாயவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 2014-இல் 'மேஜிக் பிளானட்' என்ற மாயக்கலைப் பூங்காவைத் தொடங்கினார். பிறகு அதே வளாகத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் மாயவித்தையும் இசையும் நடனமும் ஓவியமும் கற்று மேடையேறும் 'டிஃபரன்ட் ஆர்ட் சென்டர்' வளர்ந்தது. அங்கே அந்தப் பிள்ளைகளின் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் கண்கலங்கிக் கைதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் தட்டினேன். சற்றுத் தள்ளி ஆக்குளத்தில், 1997-இல் தொடங்கப்பட்ட தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமான நிஷ் இருக்கிறது. எத்தனையோ பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார்கள். இத்தனை நல்லது நடக்கும் ஊரில் இருந்துகொண்டு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: மேடையில் திறமை காட்டும் பிள்ளைக்கு நாம் எழுந்து நின்று கைதட்டுகிறோம், திறமை எதுவும் காட்டாமல் சும்மா விளையாட வரும் பிள்ளைக்கு இடம் தருவதில்லை. என் பேரன் பாட மாட்டான், வரைய மாட்டான், வித்தை செய்ய மாட்டான். பெங்குவினைப் பார்த்துச் சந்தோஷப்படத் தெரியும். ஒரு பிள்ளைக்கு அது போதாதா?

போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்கும் உரிமையை அதன் 29-ஆம் பிரிவு பேசுகிறது. சேவை தருபவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளின்படியே தர வேண்டும், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுதான் அதற்கு அவகாசம் என்கிறது 46-ஆம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகல் பற்றிய விதி 15 வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்றும், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. இவ்வளவு தெளிவான சொல் கிடைத்த பிறகும், ஒரு பூங்காவின் வாசலில் நிற்கும் தகப்பனுக்கும் தாய்க்கும் கையில் எதுவும் இல்லை.

சிலர் பாதுகாப்பைக் காரணம் சொல்கிறார்கள். அது உண்மையான காரணம்தான். வேகமாகச் சுழலும் சவாரியில் கம்பியைப் பிடித்து உட்காரத் தெரியாத பிள்ளையை ஏற்றக் கூடாது. உயரம் குறைந்த பிள்ளையை அளவுகோலில் நிறுத்திப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்களே, அதுபோல் இந்தச் சவாரி இவனுக்கு ஆகாது, அந்தச் சவாரி ஆகும் என்று காரணத்தோடு சொல்லட்டும். பூங்கா முழுவதற்கும் சேர்த்து 'வெளியே காத்திருங்கள்' என்பது பாதுகாப்பு ஆகாது.

வரிசையில் முன்னுரிமை கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்பது இன்னொரு வாதம். ஏமாற்றியும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில், வசதி படைத்த குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை வாடகைக்குக் கூட்டிவந்து வரிசையைத் தாண்டுவதாகச் செய்தி வந்து பெரிய விவாதமானது. அதற்காக அவர்கள் வசதியை எடுத்துவிடவில்லை. 2013-இல் முறையை மாற்றினார்கள். வரிசை ஒரு மணி நேரம் என்றால், ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரை பிள்ளை நிழலில் உட்காரலாம், நடக்கலாம். யாருடைய இடமும் பறிபோகவில்லை. 2024-இல் அந்தச் சலுகையை இன்னும் சுருக்கியதில் அங்குள்ள பெற்றோர் கொதித்தார்கள், அந்தப் பூசல் முடியவில்லை. ஆனால் நேரம் குறித்துத் தரும் ஏற்பாடு நமக்கு இன்றைக்கே செய்யக்கூடியது. திருப்பதியில் தரிசனத்துக்கு நேரம் போட்டு டோக்கன் தருவதை அறியாதவர் நம்மில் யார்?

செலவு என்று சொல்பவர்களுக்கு, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் கார்டன் ஹார்ட்மன் கட்டிய 'மார்கன்ஸ் வொண்டர்லாண்ட்' பற்றிச் சொல்ல வேண்டும். விடுமுறைக்குப் போன இடத்தில், நீச்சல் குளத்தில் மற்ற பிள்ளைகளோடு விளையாடப் போன தன் மகள் மார்கனை விட்டு அந்தப் பிள்ளைகள் விலகிப்போனதைப் பார்த்த தகப்பன் அவர். வீடு கட்டி விற்கும் தொழிலை விற்றுவிட்டு இந்த வேலையில் இறங்கினார். 2010-இல் பூங்கா திறந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சக்கர நாற்காலியோடு ஏறும் ராட்டினம் அங்கே உண்டு. 2017-இல் பக்கத்திலேயே ஒரு நீர்ப் பூங்காவும் வந்தது. மின்கலம் தண்ணீரில் கெட்டுப்போகும் என்பதால் அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் சக்கர நாற்காலியை அங்கே கொடுக்கிறார்கள். எல்லாரும் இப்படிப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருப்பதில் கதவைத் திறக்கச் சொல்கிறேன்.

நம்மாலும் முடியும். சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடலுக்குக் கிட்டே போகும்படி 2022 நவம்பரில் மரப்பாதை அமைத்தார்கள். மறுமாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சரிசெய்தார்கள். பல பேர் வாழ்நாளில் முதன்முறையாக அலையை அருகில் பார்த்தார்கள். பூங்காத் தொழிலும் நமக்குப் புதிதல்ல. தாம்பரம் கிஷ்கிந்தா 1995-இல் வந்தது, கொச்சியில் இப்போது வொண்டர்லாவாக இருக்கும் வீகாலாண்ட் 2000-இல். சென்னையை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லாவின் புதிய பூங்காவும் திறந்துவிட்டது. கோடிக்கணக்கில் போட்டு ரோலர் கோஸ்டர் இறக்குமதி செய்யத் தெரிந்த தொழிலுக்கு ஓர் அமைதி அறை பாரமாகாது.

எங்களுக்கு அபுதாபி போகக் கதி இருந்தது. மகளுக்குச் சம்பளம் வருகிறது, அண்ணன் மகன் வீட்டில் தங்க இடமிருந்தது. இங்கே பக்கத்தில் தும்பாவிலோ புத்தன்தோப்பிலோ கடலுக்குப் போகும் ஒருவரின் வீட்டில் இதே போன்ற பிள்ளை இருந்தால் அவர் எங்கே போவார்? கொளச்சலில் இருந்தால்? ஒரு பிள்ளை நிம்மதியாக விளையாட விசா எடுக்க வேண்டும் என்ற நிலையை நாம் ஏற்கவே கூடாது.

ஆகவே நானும் மகளும் இன்னும் சில பெற்றோரும் சேர்ந்து, கேரள, தமிழ்நாடு மாநிலங்களின் மாற்றுத்திறனாளிகள் ஆணையர்களுக்கு மனு எழுதியிருக்கிறோம். டிக்கெட் விற்கும் இடத்திலேயே ஒவ்வொரு சவாரியின் சத்தமும் வெளிச்சமும் எப்படியென்று தமிழிலும் மலையாளத்திலும் போட வேண்டும். வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்கு நேரம் குறித்துத் தர வேண்டும். ஒரு பூங்காவுக்கு ஓர் அமைதி அறையாவது வேண்டும். வாரத்தில் ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்திவைக்க வேண்டும். யாரையாவது ஒரு சவாரியில் ஏற்ற மறுத்தால், மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பூங்காக்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முத்திரை குத்த வேண்டும். அடுத்த பெரிய லீவு ஓணத்துக்கு. அதற்கு முன் ஆணையர்களிடமிருந்து எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.