சேர்த்து விட்டால் போதுமா?



ப்ளஸ் டூ முடித்த மகனை பி.எஸ்ஸி.யில் சேர்த்து, கட்டணமும் கட்டிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று கடைக்குத் திரும்பி விடுகிறோம். உண்மையில் சோதனை அன்றுதான் ஆரம்பமாகிறது.

பள்ளியில் விசை, முடுக்கம், அடர்த்தி என்று தமிழில் படித்தவனுக்குக் கல்லூரியில் ஃபோர்ஸ், ஆக்சிலரேஷன், டென்சிட்டி. பாடம் தெரிந்தும் வார்த்தை தெரியாமல் விழிக்கிறான். வகுப்போடு விட்டதா? லேப் இருக்கிறது. செய்த சோதனையை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் லேப் வந்தால் ஜும்ஆவுக்கு ஓடித் திரும்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து, "சரக்கு வந்திருக்கு, கடைக்கு வா" என்று அத்தாவின் போன்! பிறகு அரியர். பிறகு படிப்பே வேண்டாம் என்கிறான். "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று தீர்ப்பும் சொல்லி விடுகிறோம்.

ஏறவில்லையா? ஏற விடவில்லையா?

இரும்புலியூர் சகோதரர்கள் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தாம்பரத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி.யில்தான் 1950களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து வந்தவர். இடம் கிடைத்தது, சேருவதற்குத் தேவைப்பட்ட சுமார் 1000 ரூபாய் வீட்டில் இல்லை. சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படிக்கும்போது ஒரு வடிவமைப்பு வேலை பின்தங்கியது. மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றார் பேராசிரியர். இரவு உணவையும் விட்டு உட்கார்ந்து முடித்தார் கலாம். 2002ல் அவரே இந்நாட்டின் குடியரசுத் தலைவர்!

அவருடைய உழைப்புக்குப் பின்னால் ஒரு சகோதரியின் வளையல் இருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பின்னால் யார் இருக்கிறோம்?

தமிழகத்தில் 2007ல் நமக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு வந்தது. அது கல்லூரி வாசல் வரைதான் கொண்டு போய் விடும். ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022ல் நிறுத்தியது. அதற்காகக் குரல் கொடுப்போம். அதே நேரம் நம் கையில் இருப்பதையும் செய்வோம்.

வணிகப் பெருமக்களே! லேப் நாளில் மகனைக் கடைக்கு அழைக்காதீர்கள். கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பையனுக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மஃரிபுக்குப் பிறகு ஓர் அறையைத் திறந்து விடுங்கள். மஹல்லாவில் அறிவியல் படித்த பட்டதாரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் சொல்லிக் கொடுக்கட்டும். பழைய பாடப் புத்தகங்கள் அங்கேயே சேரட்டும்.

மாணவச் சகோதரனே! தினம் பத்துச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பழகு. ஜும்ஆ நேரத்தில் லேப் வந்தால், வேறு பேட்ச் தரும்படி முதல் வாரமே பேராசிரியரிடம் கேள். கேட்பதற்கு வெட்கப்படாதே.

பத்து மாடிக் கட்டடம் எழுப்பச் சொல்லவில்லை. ஓர் அறை, ஒரு விளக்கு, இரண்டு மணி நேரம். இதைக் கூடக் கொடுக்க முடியாதா? சிந்திப்போம், செயல்படுவோம். வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக!